பொய் காட்டாத கல்

ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் இயற்றிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதையைப் படித்தோரும், அதன் திரைப்படங்களை மட்டும் கண்டோரும் இன்று நம் மாணாக்கருள் பலராவர். அவர்கள் கூடிப் பேசுமிடத்துக் கதைமாந்தருள் தெனத்தோர் என்பானுக்கு ஒரு நல்ல சொல் கிடைப்பது அரிது. பித்தன் என்பர் சிலர். பெற்ற மகனை உயிரோடு எரிக்கத் துணிந்த கொடியோன் என்பர் வேறு சிலர். சற்றே இரக்கமுடையார், "பாவம், அந்த மாயக் கல் பொய்யைக் காட்டி அவனை ஏமாற்றிவிட்டது" என்பர். முன்னைய இரண்டினும் இம்மூன்றாவது கூற்றே எம்மை எழுதத் தூண்டியது. என்னை? அக்கல் அவனுக்கு ஒரு பொய்யும் காட்டிற்றில்லை. அவன் கண்டன யாவும் மெய். மெய்யைக் கண்டே அவன் கெட்டான் என்பது எம் கருத்து. அதனை நூல்கொண்டே நிறுவ முயல்வோம்.

கதையறியாத அன்பர் பொருட்டுச் சில கூறுதல் வேண்டும். டோல்கீன் (1892-1973) ஆக்ஸ்ஃபர்டுப் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1959 வரை பேராசிரியராய் விளங்கினார். முதற்கண் ஆங்கிலோ-சாக்சன் மொழிக்கும், 1945 முதல் ஆங்கில மொழியிலக்கியத்திற்கும் அவர் ஆசிரியர். சொல்லாராய்ச்சியே அவர்க்கு உயிர். மொழிகளை முதலில் ஆக்கி, அம்மொழிகள் வழங்குதற்கு இடம் வேண்டுமென்றே உலகொன்றையும் அதன் வரலாற்றையும் ஆக்கியவர் அவர். அவ்வுலகில் நம் கதை நிகழும் நிலப்பரப்பை நடுநிலம் என்போம். 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த அந்நூலில், தொலைவிலுள்ளதைக் காட்டும் கற்கள் சில பேசப்படுகின்றன. அவற்றிற்கு ஆசிரியர் இட்ட பெயர் பலந்தீர் என்பது. அவர் படைத்த குவென்யா மொழியில் 'பலன்' என்பது சேய்மையிற் பரந்து என்றும், 'தீர்' என்பது நோக்கு என்றும் பொருள்படும். நம் மொழியிலுள்ள பலனுக்கும் தீர்தலுக்கும் இவற்றோடு எவ்வகை உறவும் இல்லை. வேர்ச்சொல் காண விரையும் எம் வகுப்புத் தோழர் சிலரை இப்போதே தடுத்துவைக்கின்றோம். தமிழில் தொலைநோக்கி என்றால் வானநூலார் கருவியென்று கொள்ளப்படும்; தொலைக்காட்சி என்றால் வீட்டுக் கூடத்துப் பெட்டியென்று கொள்ளப்படும். ஆராயின் அச்சொற்களும் பலந்தீர் என்பதும் ஒரே பொருளவே. ஆயினும் மயக்கம் நேராவண்ணம் சேண், நோக்கி என்னும் இரு சொல்லையும் புணர்த்துச் சேணோக்கி என யாம் வழங்குவோம்.

மந்திரத்தால் மறைந்தன காணுதல் எல்லா நாட்டாரும் அறிந்த வழக்கு. வெற்றிலையில் மை தடவிக் களவுபோன பொருளின் இருப்பிடம் கூறுவோர் நம் ஊர்களிலும் உண்டு. தமிழ் வேதாகமத்தில், சவுல் அரசன் இரவில் நாடிச்சென்ற எந்தோரூர்ப் பெண்ணை அஞ்சனம் பார்க்கிறவள் என மொழிபெயர்த்தோர் குறித்ததும் இவ்வழக்குப் பற்றியே. ஆனால், மை பார்ப்பவன் சொல்ல நாம் கேட்கின்றோம். அவன் கண்டானோ காணாமலே சொன்னானோ யார் அறிவார்? சேணோக்கியில் இவ்வையத்திற்கு இடமில்லை. வேண்டுவோன் தானே நோக்குகின்றான். தன் கண்ணாலே காண்கின்றான். ஐயத்திற்கு இடமின்மையே அதன் பெருமை. அதன் இடரும் அதுவே.

இனிக் கல்லின் இயல்பு. இது பற்றிய செய்திகள் கதையினுள் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஆசிரியர் மறைந்தபின் அவர்தம் மைந்தர் கிறிஸ்டோஃபர் டோல்கீன் 1980-இல் வெளியிட்ட 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' என்னும் தொகுதியில் இக்கற்களைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை உளது. அதனைப் படித்தபோது, கற்பனைப் பொருளொன்றிற்கு இத்துணை நுணுக்கமான இலக்கணம் வகுத்தாரும் உளரோ என வியந்தோம். கல் முழு உருண்டை வடிவினது; ஆழ்ந்த கருநிறமுடைய பளிங்கு போல்வது. சிறிய கற்கள் ஓரடி குறுக்களவின. பெரியனவற்றை ஒருவர் தூக்கவியலாது. நோக்குவோன் சிறிய கல்லினின்று ஏறக்குறைய மூன்றடி விலகி நின்று நோக்கவேண்டும். கிழக்கே உள்ளதைக் காண விழைவோன் கல்லின் மேற்கே நிற்றல் வேண்டும். சிறு கற்களுக்கு மேல் கீழ் என்னும் நிலையும் உண்டு. அந்நிலை பிறழ வைப்பின் அவை பயன்படா. மலையும் மதிலும் அதன் பார்வையை மறையா, இருள் மறைக்கும். ஒளி சிறிதும் படாத அறைக்குள் இருப்பதை அது காட்டாது. ஒலியைக் கேட்பியாது. இரு கற்களை இருவர் ஒருங்கே நோக்குவராயின் ஒருவர் கருத்து மற்றவர்க்குச் செல்லும். ஆனால் ஒருவர் மனத்தில் மறைத்துவைத்த எண்ணத்தை அவர் இசைவின்றி வெளிப்படுத்தும் ஆற்றல் கல்லுக்கு இல்லை.

இவ்விறுதிச் செய்தியைப் படிப்போர் நினைவில் வைத்தல் நலம். வடிவத்தைக் காட்டும், கருத்தைக் காட்டாது. கப்பலைக் காட்டும், கப்பல் யார்க்கு உரியது என்பதைச் சொல்லாது.

இக்கற்களைச் செய்தோர் எல்ஃப் இனத்தார். அவருள் தலைசிறந்த கைவினைஞனான ஃபேயனோரே செய்திருக்கலாம் என்பது காண்டால்ஃப் என்னும் முதியோன் கருத்து. நட்பின் அடையாளமாக அவர்கள் நூமெனோர் தீவினர்க்கு இவற்றை ஈந்தனர். கடல்கோளில் அத்தீவு அழிந்தபோது, எலந்தில் என்னும் தலைவன் ஏழு கற்களைக் கப்பலிலேற்றி நடுநிலம் கொணர்ந்தான். கடல்கொண்ட நாட்டின் எஞ்சிய செல்வம் என்னும்போது தமிழ் பயில்வார்க்கு ஒருவகை உணர்ச்சி தோன்றுதல் இயல்பே. எனினும் அவ்வழியில் யாம் செல்லவில்லை. மூன்று கற்கள் வடநாட்டிலும் நான்கு தென்னாடாகிய கொண்டோரிலும் நிறுவப்பட்டன. வடக்கே இரண்டு கப்பலோடு கடலில் மூழ்கின. மூன்றாவது மேலைக் கடலையன்றி வேறெதையும் நோக்காது. தெற்கே தலைமைக் கல் உள்நாட்டுப் போரில் அந்துயின் ஆற்றில் வீழ்ந்து மறைந்தது. எஞ்சிய மூன்றே நம் கதைக்கு உரியன. ஓர்தாங்க் கோபுரத்துக் கல் சாருமான் என்னும் மந்திர வல்லோன் கையில் இருந்தது. மினாஸ் இத்தில் நகரத்துக் கல், மூன்றாம் ஊழியின் 2002-ஆம் ஆண்டில் அந்நகர் வீழ்ந்தபின் பகைவனாகிய சவுரோனிடம் சேர்ந்தது. மினாஸ் திரித் நகரத்து வெண்கோபுரத்தின் உச்சியில் இருந்த கல்லே தெனத்தோருடையது.

நிற்க. இக்கற்கள் முன்னாளில் எவ்வாறு ஆளப்பட்டன என்பதை இன்னும் கூர்ந்து நோக்கவேண்டும். மேற்கூறிய கட்டுரையின்படி ஒவ்வொரு கல்லுக்கும் காவலர் இருந்தனர். குறித்த வேளைகளிலும் ஆணையிட்டபோதும் அவர்கள் கல்லை நோக்கி, கண்டதை அரசர்க்கும் அமைச்சர்க்கும் அறிவித்தனர். ஒரு நகரத்தார் கண்டதை மற்றொரு நகரத்தார் ஒத்துப் பார்க்கவும் இயன்றது. அஃதாவது, கல்லை நோக்குதல் ஓர் அலுவலாக இருந்தது. ஊர்க்கணக்கு எழுதுவது போலவும் கோட்டைவாயிலில் காவல் நிற்பது போலவும் பலரறிய நடைபெற்றது. ஒருவன் கண்டதைப் பலர் எடைபோட்டனர். மினாஸ் இத்தில் வீழ்ந்த பின்னரே இந்நிலை மாறிற்று. பகைவன் கையில் ஒரு கல் இருக்க நாம் நம் கல்லை நோக்குவது தகாது என அஞ்சி, கொண்டோரின் கடைசி அரசர் இருவரும் அவர்க்குப்பின் அரசர் பெயரால் நாட்டைப் புரந்த பிரதிநிதிகளும் அதனைத் தொடாதிருந்தனர். நாளடைவில் அப்படியொரு கல் உண்டென்பதே சிலரன்றி எவரும் அறியாத மறைபொருளாயிற்று.

இந்நிலையில்தான் தெனத்தோர் வருகின்றான். அவன் 2984-ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதியானான். அறிவிலும் உறுதியிலும் தன் காலத்தார் எவர்க்கும் இளையானல்லன். தன் வாழ்நாளிலேயே பெரும்போர் மூளும் என்பதை முன்னரே உணர்ந்தவன் அவன். 2988-இல் மனைவி இறந்தாள். அதன்பின் அவன் கோபுரத்தில் நெடுநேரம் தனித்திருந்தான் என்றும், செய்தி வேண்டியும் தன் மனவலிமையில் நம்பிக்கை வைத்தும் கல்லை நோக்கத் துணிந்தான் என்றும் பிற்காலத்தார் கருதினராக நூலின் பின்னிணைப்புக் கூறுகின்றது. சவுரோன் அக்கல்லின் வழியே அவனோடு பொருதான். ஆயினும் சாருமானை அடிமையாக்கியதுபோல் தெனத்தோரை அடிமையாக்க அவனால் இயலவில்லை. சாருமானோ தன் பேராசையால் தானே வலையுட் சென்றவன். தெனத்தோர் கல்லை நோக்கியது நாட்டின்பொருட்டு; எலந்தில் மரபின் பிரதிநிதி என்னும் முறையில் அவனுக்கு அதற்கு உரிமையும் இருந்தது. ஆண்டுகள் பலவாக அவன் அப்போரைத் தனித்து நின்று நடத்தினான். அதனால் வயதுக்கு முன்னரே முதுமையடைந்தான். இவனைப் பித்தன் என எளிதிற் சொல்லிவிடுதல் நியாயமாகுமா?

அவன் கண்டவை யாவை? மொர்தோர் நாட்டில் திரளும் படைகளைக் கண்டான். அப்படைகள் மெய்யாகவே திரண்டன. அவற்றின் எண்ணிக்கை தன் படையினும் பன்மடங்கு மிகுதி எனக் கண்டான். அதுவும் மெய்யே. கொண்டோர் தன் வாளால் மட்டும் வெல்லமுடியாதெனக் கணித்தான். அக்கணக்கிலும் பிழையில்லை, காண்டால்ஃபும் அவ்வாறே கணித்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். போரால் வெற்றியில்லை என்று கண்டமையாலன்றோ காண்டால்ஃப் கணையாழியை அழிக்கும்படி இரு குறுமக்களைப் பகைவன் நாட்டுக்கே போகவிட்டான்? கணக்கு இருவர்க்கும் ஒன்று, முடிவு வேறு. கல் காட்டாத வேறொன்றும் உலகில் நிகழக்கூடும் என்பதற்குக் காண்டால்ஃபின் கணக்கில் இடமிருந்தது. தெனத்தோரின் கணக்கில் அதற்கு இடமில்லை. பல்லாண்டுகளாகக் கல்லொன்றையே உசாவி வந்தவனுக்குக் கல்லில் தோன்றாதது இல்லாததாகவே ஆகிவிட்டது.

கற்களைப் பொய்காட்டச் செய்யச் சவுரோனாலும் இயலாதென நூல் தெளிவாகக் கூறுகின்றது. அவனால் இயன்றது வேறு. எதைக் காணவேண்டும் என்று தேர்ந்து காட்ட அவனால் இயன்றது. கண்டதன் பொருளைத் திரித்துணருமாறு செய்ய இயன்றது. இதனைச் சூழ்ச்சிகளுள் தலைசிறந்தது என்போம். பொய்யனை ஒருநாள் பிடித்துவிடலாம். அவன் கூற்றுள் ஒன்று பிழையெனக் கண்டால் மற்றவற்றையும் ஐயுறலாம். மெய்யையே தேர்ந்தெடுத்துக் காட்டுவோனை எவ்வாறு பிடிப்பது? ஒவ்வொன்றையும் சோதித்தால் ஒவ்வொன்றும் மெய்யாகவே நிற்கும்.

3019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. மூத்த மகன் பொரொமிர் அதற்கு முந்திய திங்களில் இறந்துபட்டான். இளைய மகன் ஃபாராமிர் 13-ஆம் நாள் காயமுற்று, நினைவிழந்து, காய்ச்சலோடு கொணரப்பட்டான். அன்றிரவு வெண்கோபுரத்தின் உச்சியறையில் ஒளி தோன்றி மறைந்ததைக் கண்டோர் உளர். கோபுரத்தினின்று இறங்கிவந்த தெனத்தோரின் முகம் மகனுடைய முகத்தினும் வெளிறியிருந்தது. பின்னர் அவன் தன் வாயாலேயே கூறுகின்றான்: அந்துயின் ஆற்றில் கரும்பாய் விரித்த கப்பல்கள் வருகின்றன, யாவும் முடிந்தது என்று. உம்பார்க் கொள்ளையரின் கப்பல்கள் கரும்பாய் உடையன என்பதைக் கொண்டோர் மக்கள் அனைவரும் அறிவர். அவை வந்ததும் மெய். கரும்பாய் இருந்ததும் மெய். நகரை நோக்கி வந்ததும் மெய். ஆனால் அக்கப்பல்களை இரண்டு நாட்களுக்கு முன் பெலார்கிர்த் துறையில் அரகார்ன் கைப்பற்றியிருந்தான். அவற்றில் வந்தோர் நகரைக் காக்க வந்தோர். அன்று பகற்பொழுதில் அரகார்னின் கொடி கப்பலில் விரிந்தது. போரின் போக்கும் திரும்பிற்று. அதற்குள் தெனத்தோர் முன்னோர் மாடத்தில் விறகடுக்கச் செய்து, கல்லைக் கையிலேந்தித் தீயிற் புகுந்துவிட்டான். மகனை மட்டும் காண்டால்ஃப் எடுத்துக் காத்தான். அதற்குரிய விலையும் கொடுக்கப்பட்டது. போர்க்களத்திற்குச் செல்லவேண்டிய காண்டால்ஃபை இச்செயல் நகரினுள்ளே நிறுத்திற்று. களத்தில் தெயோடன் மன்னன் மாண்டான்.

ஒரு சில நாழிகை! மகனருகே அத்துணைப் பொழுது வாளாவிருந்திருந்தால் அவன் மதிலின்மேல் நின்று வெறுங்கண்ணாலேயே அக்கொடியைக் கண்டிருப்பான். சாதாரண வீரர் பலர் அவ்வாறே கண்டனர். அவர்களும் முதலில் கரும்பாயைக் கண்டு நடுங்கியவரே. ஆனால் ஒருவரோடொருவர் நின்று நடுங்கினர். கப்பல் கரையணையும்வரை நின்றனர்.

எம் கொள்கை இதுவே. தெனத்தோர் கண்டமையால் கெடவில்லை. ஒருவரும் அறியாமல் ஒருவனாகக் கண்டமையால் கெட்டான். பழங்காலத்துக் காவலன் கண்டதைச் சொல்லும்போது, "கப்பலின் பாயைக் கண்டாய், அதிலுள்ளாரைக் கண்டனையோ?" எனக் கேட்க அவையில் ஒருவர் இருந்திருப்பார். தெனத்தோருக்கு அவ்வினாவை வினவ எவருமில்லை. கல் உண்டென்பதே பிறர்க்குத் தெரியாதாகலின், எங்கிருந்து இவையெல்லாம் அறிகின்றான் என ஊரார் வியந்தனரேயன்றி ஒருவரும் வினவினாரில்லை. அவன் செருக்குடையவன், அதனாலேயே மறைத்தான் எனின், அதனை யாமும் மறுக்கவில்லை. செருக்குடையார்க்கெல்லாம் இம்முடிவு வந்ததில்லை என்பது மட்டும் எம் விடை.

இதே நூலில் வரும் கலாத்ரியேல் அரசியின் நீர்க்கண்ணாடியை இதனோடு வைத்துப் பார்த்தல் தகும். வெள்ளிக் கலத்தில் ஊற்றிய நீர் அது. நிகழ்ந்ததும் நிகழ்வதும் நிகழக்கூடுவதும் அதில் தோன்றும். தோட்டக்காரன் சாம் அதில் தன் ஊர் மரங்கள் வெட்டுண்டு கிடப்பதையும், தன் கிழத்தந்தை தட்டுமுட்டுகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போவதையும் காண்கின்றான். உடனே ஊருக்கு ஓடவேண்டுமெனத் துடிக்கின்றான். அக்காட்சியும் மெய்யே, பின்னர் ஊர் சென்றபோது ஏறத்தாழ அப்படியே கிடந்தது. ஆயினும் சாம் ஓடவில்லை. அருகே அரசி நின்றாள். கண்ணாடியை நம்பி வழிவிலகியோர் தாம் தடுக்கக் கருதியதைத் தாமே வருவித்தலும் உண்டென்று எச்சரித்தாள். தலைவன் ஃப்ரோடோவும் அருகிருந்தான். தோட்டக்காரனுக்கு வாய்த்த அவ்வுதவி நாடாண்டவனுக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்று. மெய்க்காட்சியால் ஏமாற்றுவோன் தானும் அதனாலேயே ஏமாறினான். இப்பகுதியே நூலில் எமக்கு மிகவும் உவப்பானது. மார்ச்சு 5-ஆம் நாள் இரவு, பிப்பின் என்னும் குறுமகன் ஆவல் தாங்காமல், உறங்கும் காண்டால்ஃபின் கையிலிருந்து ஓர்தாங்க் கல்லை எடுத்து நோக்கிவிட்டான். மறுபுறத்தில் சவுரோன் ஒரு குறுமகனைக் கண்டான். கண்டது மெய்யே. ஓர்தாங்க் கல்லில் தோன்றினமையால் அவன் சாருமானிடம் சிறைப்பட்டவன் என முடிவுசெய்து, அவனைக் கொணர ஆளனுப்பினான். கல் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. மறுநாள் அரகார்ன் தானே அக்கல்லை நோக்கி, எலந்திலின் வாளை ஏந்தித் தன்னை வெளிப்படுத்தினான். எலந்திலின் வழித்தோன்றல் உயிரோடிருக்கின்றான் எனக் கண்ட சவுரோன், கணையாழியும் அவன் கையிலேயே இருக்கும் என அஞ்சி, முதிராத வேளையில் படையை ஏவினான். கணையாழியோ கல்லின் கண்ணுக்குத் தப்பி, அவன் நாட்டின் எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஏமாற்றுவோனும் ஏமாந்தோனும் ஒரே குறையால் இடறினர். இருவரும் தாம் கண்ட துணுக்கை முழுமை என்று கொண்டனர். இருவர்க்கும் அதனை மறுத்துரைக்க ஆளில்லை.

இக்காலத்தில் இஃது எதற்கு என வினவுவோர்க்கு ஒரு செய்தி. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஒரு நிறுவனம், இக்கல்லின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. அரசாங்கத்தாரும் படைத்துறையினரும் திரட்டிய செய்திக் குவியல்களைக் கணிப்பொறிகளால் ஆராய்ந்து அவர்கட்கு விளக்குதல் அதன் தொழில்களுள் ஒன்று. அமெரிக்க ஒற்றுத்துறையின் சார்பில் முதலிடும் அமைப்பொன்று தொடக்கத்தில் அதற்குப் பொருளுதவி செய்தது. பெயரிட்டோர் கதையை இறுதிவரை படித்தனரா என்று கேட்க எமக்கு ஆசையுண்டு. படித்தே இட்டனராயின் அவர் துணிவை மெச்சவேண்டும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் விடுதியில் விளக்கணைத்தபின் பாய்க்குப் பாய் எரியும் சிற்றொளிகளைக் காண்க. ஒவ்வொரு கையிலும் ஒரு சேணோக்கி. எங்கோ நிகழும் போரும், இடிந்த வீடும், அழும் தாயும் அதில் தோன்றுகின்றன. பொய்ப்படங்களும் உள என்பதை யாம் அறிவோம். அவற்றைப் பற்றி எச்சரிப்போர் பலர் உளர். எம் கவலை பொய்ப்படங்களைப் பற்றியதன்று. மெய்யானவற்றையே எடுத்து, இவனுக்கு இது, அவனுக்கு அது என்று வகுத்து அனுப்பும் வேறொரு விருப்பம் மறுபுறத்தில் இருக்கின்றதே, அதைப் பற்றியது. ஒரு சாதியாரின் குற்றங்களை மட்டும், ஒரு மதத்தாரின் குற்றங்களை மட்டும் ஆறு திங்கள் ஓயாது கண்டவன் ஒரு பொய்யும் காணாமலே அவரை வெறுக்கக் கற்றுவிடுவான். "நீ நம்பியது பொய்" என்று அவனிடம் நாம் சொல்லவும் முடியாது. உலகின் கேடுகளை மட்டும் இரவுதோறும் கண்ட மற்றொருவன், இனிப் படித்தென்ன, உழைத்தென்ன என்று காலையில் எழாமல் கிடப்பான். அவ்வாறு கிடப்போரை யாம் கண்டிருக்கின்றோம். அவர்களைச் சோம்பர் எனப் பெரியோர் கடிகின்றனர். தெனத்தோரைப் பித்தன் எனக் கடிவதும் இவ்வகைத்தே.

சிலர், "அப்படியாயின் கல்லையே உடைத்தெறிக" என்பர். கருவியெல்லாம் தீது என்னும் இக்கட்சி கேட்க எளிது. ஆனால் டோல்கீன் அக்கட்சியினர் அல்லர். கணையாழியை அழித்தாலன்றி விடிவில்லை என்று கதை முழுதும் வற்புறுத்தியவர் கல்லை அழித்தாரில்லை. காண்டால்ஃபே அதனைக் கண்டு ஏங்குகின்றான். காலத்தையும் கடலையும் கடந்து, ஃபேயனோரின் கைகள் தொழில்செய்வதைக் காண்பதற்கு அவன் உள்ளம் விழைகின்றது. தீய பொருளை நோக்கி நல்லோர் அவ்வாறு ஏங்குவதாக ஆசிரியர் எழுதுவாரா? கல்லை வேண்டாவென்று ஒதுக்குவோர் அப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

திரைப்படத்தின்மேல் எமக்குள்ள குறையும் இதனைச் சார்ந்ததே. பீட்டர் ஜாக்சன் இயக்கி 2003-இல் வெளிவந்த மூன்றாம் படத்தில் தெனத்தோர் கல்லை நோக்கும் காட்சியே இல்லை. கல்லை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? மகன் சாகப் போரிடும்போது பழங்களைக் கடித்துத் தின்னும் ஒரு கிழவன். நடிகர் ஜான் நோபிளின் திறமையில் குறையொன்றுமில்லை. ஆனால் பல்லாண்டு தனித்துப் போரிட்டுத் தோற்ற ஒருவனைக் காட்டவேண்டிய இடத்தில், வெறுக்கத்தக்க ஒருவனைக் காட்டிவிட்டனர். படம்பார்த்த நண்பர்கள் நூலையும் எடுத்துப் பார்க்கவேண்டுமென்று யாம் வேண்டுவது இதன்பொருட்டே.

தெனத்தோர் ஏந்தி எரிந்த கல் தீயில் அழியவில்லை. பெருமனவலிமை இல்லாதார் அதனை நோக்கின், தீயிற் கருகும் இரண்டு முதிய கைகளன்றி வேறொன்றும் அதில் தோன்றாது. ஓர்தாங்க் கல்லை அரகார்ன் வைத்துக்கொண்டான். போர் முடிந்து விடைபெறும்போது பிப்பின், ஆளுக்கொரு கல் இருந்தால் பிரிந்த நண்பரையெல்லாம் கண்டுகொண்டிருக்கலாமே என்கின்றான். அரசன் அவன் ஆசையை இகழவில்லை. மினாஸ் திரித் கல் காட்டுவதை நீ காண விரும்பமாட்டாய் என்று மட்டும் கூறி, மற்றதைத் தன் நாட்டின் நிலையையும் தன் ஏவலர் செய்வனவற்றையும் அறிதற்குத் தான் வைத்துக்கொள்வதாக வழியனுப்ப வந்தோர் நடுவே சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்புகின்றான்.